ஆபரேஷனில் இதயத்தை ஒன்றரை மணி நேரம் நிறுத்தினால் தசை சாகாதா?

கேள்வி இதுதான். அப்பாவுக்குப் பெருந்தமனி வால்வு தடித்துச் சுருங்கியிருக்கிறது, கசிவும் ஓரளவு இருக்கிறது, நெஞ்சைத் திறந்து மாற்ற வேண்டும். அதற்காக ஒன்றரை மணி நேரம்போல இதயத்தை நிறுத்தி வைப்போம் என்று சர்ஜன் சொல்லியிருக்கிறார். மாரடைப்பில் குழாய் அடைத்த 20 நிமிடத்திலேயே தசை சாக ஆரம்பிக்கும் என்று நீங்கள் படித்திருக்கிறீர்கள். அப்படியானால் இது எப்படி முடிகிறது, திரும்ப அடிக்காமலே போய்விட்டால் என்ன ஆகும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் பெர்ஃப்யூஷனிஸ்ட், அதாவது ஹார்ட் லங் மெஷினை ஓட்டுகிறவன். இதயத்தை நிறுத்துகிற மருந்தைச் செலுத்தும் பம்பும் எங்கள் பொறுப்புதான். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அந்த 20 நிமிடக் கணக்கு. அது சரியான கணக்குதான். ஆனால் அது 37 டிகிரிச் சூட்டில், வேலையின் நடுவே திடீரென்று ரத்தம் நின்றுபோன தசையின் கணக்கு. தசைக்குள் ஏடிபி என்று ஒரு எரிபொருள் இருக்கிறது, அதன் கையிருப்பு மிகக் கொஞ்சம். ரத்தம் நின்ற பிறகும் தசை முதலில் சுருங்கிப் பார்க்கிறது, இருப்பை எரிக்கிறது, ஒன்றிரண்டு நிமிடத்தில் சோர்ந்து போகிறது, அப்புறமும் பக்கத்தில் நன்றாக அடிக்கிற தசை அதை ஒவ்வொரு துடிப்பிலும் இழுத்துக்கொண்டே இருக்கிறது, உள்ளே அமிலம் சேர்கிறது. தியேட்டரில் நாங்கள் செய்வது அப்படியில்லை. இருப்பு எரிவதற்கு முன்னாலேயே முழு இதயத்தையும் ஒரு நிமிடத்துக்குள் ஓய்வு நிலையில் நிறுத்திவிடுகிறோம். நிறுத்துவதுதான் ஆபத்து என்று வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பாதுகாப்பின் பெரும்பகுதியே நிறுத்துவதில்தான் இருக்கிறது.

எவ்வளவு பெரும்பகுதி என்பதற்கு எண்கள் உண்டு. ரத்தத்தைத் தள்ளி வேலை செய்கிற இதயம், 100 கிராம் தசைக்கு நிமிடத்துக்கு 8 முதல் 10 மில்லி ஆக்சிஜன் கேட்கும். ரத்தத்தை மெஷினுக்குத் திருப்பிவிட்டு இதயத்தைக் காலியாக அடிக்கவிட்டால் அது 5 அல்லது 6 ஆகிறது. அதே சூட்டில் முழுக்க நிறுத்திவிட்டால் சுமார் 1. நிறுத்தி 22 டிகிரிக்குக் குளிர வைத்தால் 0.3 பக்கம் வந்துவிடும். ஆக, 90 சதவீதச் சேமிப்பு நிறுத்தியதில் கிடைத்தது, குளிர்ச்சி அதன் மேல் வருகிற கூடுதல். இதயம் நிற்காமல் கிடுகிடுவென்று நடுங்கினால், ஃபிப்ரிலேஷன் என்போமே, அந்த நிலையில் காலியாக அடிக்கிற இதயத்தைவிட அதிகமாக ஆக்சிஜன் தின்னும். பார்த்தால் ஓய்ந்தது மாதிரி இருக்கும், உள்ளே முழு வேகத்தில் எரிந்துகொண்டிருக்கும். அதனால் ஈ.சி.ஜி. கோடு நேராகும் வரை எங்கள் கண் மானிட்டரை விட்டு அகலாது.

எப்படி நிறுத்துகிறோம்? ஹெப்பாரின் கொடுத்து, ரத்தம் உறையாது என்பதைப் பரிசோதித்து, உடம்பின் ரத்த ஓட்டத்தை மெஷின் முழுக்க எடுத்துக்கொண்ட பிறகு, பெருந்தமனியில் ஒரு கிளாம்ப் போடுகிறார் சர்ஜன். மெஷினிலிருந்து வரும் ரத்தம் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போகும், கிளாம்ப்புக்குக் கீழே இருக்கிற இதயத்துக்கு மட்டும் போகாது. அந்தக் கணத்திலிருந்து கடிகாரம் ஓடுகிறது. உடனே இதயத் தசைக்கே ரத்தம் கொடுக்கும் கரோனரி தமனிகள் வழியாக, இதயத்தை நிறுத்துகிற குளிர்ந்த கார்டியோபிளீஜியா கரைசலை அனுப்புகிறோம். அதன் முக்கியப் பொருள் பொட்டாசியம். ரத்தத்தில் சாதாரணமாக லிட்டருக்கு 3.5 முதல் 5 மில்லிமோல் இருக்கும் பொட்டாசியத்தை, இதயத்துக்குப் போகிற கரைசலில் மட்டும் 15 முதல் 25 வரை ஏற்றுகிறோம். ஓய்வில் இருக்கும் இதய செல்லின் சவ்வில் மைனஸ் 85, 90 மில்லிவோல்ட் மின்னழுத்தம் இருக்கும். வெளியே பொட்டாசியம் கூடினால் அது மைனஸ் 50 பக்கம் வந்து நின்றுவிடும். அந்த இடத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சோடியம் கதவுகள் பூட்டிக்கொண்டு மறுபடி திறப்பதில்லை. இதயம் விரிந்த, தளர்ந்த நிலையில் நிற்கிறது.

அளவு இங்கே எல்லாவற்றையும்விட முக்கியம், அதற்கு ஒரு கசப்பான வரலாறே இருக்கிறது. 1955-ல் லண்டன் ஹேமர்ஸ்மித் மருத்துவமனையைச் சேர்ந்த டெனிஸ் மெல்ரோஸ் குழு, பொட்டாசியம் சிட்ரேட் கொடுத்து இதயத்தை வேண்டும்போது நிறுத்தலாம், கழுவிவிட்டால் திரும்ப அடிக்கும் என்று லான்செட் மருத்துவ இதழில் எழுதியது. ஜான் கிப்பன் பிலடெல்பியாவில் ஹார்ட் லங் மெஷினோடு முதல் வெற்றிகரமான ஆபரேஷன் செய்து அப்போது இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. அசையாத, ரத்தமில்லாத இதயத்தில் தையல் போடலாம் என்றால் சர்ஜன்களுக்கு எவ்வளவு ஆசையாக இருந்திருக்கும்! பல இடங்களில் எடுத்துக்கொண்டார்கள். ஆனால் அந்தக் கரைசலில் இருந்த பொட்டாசியம் இன்று நாம் தருவதைப் போலப் பல மடங்கு. சவ்வின் மின்னழுத்தத்தை அவ்வளவு தூரம் பூஜ்ஜியத்தை நோக்கித் தள்ளினால் கால்சியம் கதவுகள் திறந்துகொள்ளும், கால்சியம் உள்ளே கொட்டும், தசை இறுகும். சிட்ரேட் வேறு, கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்துவைத்து உப்புக் கணக்கையே குலைத்தது. சில வருஷங்களிலேயே தசையில் திட்டுத்திட்டாகச் செத்த பகுதிகள் இருப்பது தெரியவந்து முறையையே கைவிட்டார்கள்.

என் வருத்தம் என்னவென்றால், அளவு தவறு என்று பார்க்காமல் யோசனையே தவறு என்று முடிவு கட்டிவிட்டார்கள். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் அடுத்த பத்துப் பதினைந்து வருஷம் ரசாயன முறையைப் பெரும்பாலும் யாரும் தொடவில்லை. அதற்குப் பதிலாக அமெரிக்க சர்ஜன் நார்மன் ஷம்வே காட்டிய வழியில் இதயத்தைச் சுற்றிக் குளிர்ந்த சலைனை ஊற்றினார்கள், இல்லையென்றால் கிளாம்ப்பைப் போட்டுப்போட்டு எடுத்தார்கள், சிலர் மின்சாரத்தால் நடுங்கவிட்டு அதில் தைத்தார்கள். 1972-ல் ஹூஸ்டனில் சர்ஜன் டென்டன் கூலி ஒரு நிலையை விவரித்தார். ஆபரேஷன் குறையில்லாமல் முடிந்திருக்கும், ஆனால் இடது கீழறை இறுகிக் கல்லாகிவிட்டிருக்கும், எதைச் செய்தாலும் தளராது. கல் இதயம் என்றே பெயர் வைத்தார்கள். ஏடிபி தீர்ந்துபோன தசைநார்கள் ஒன்றையொன்று பிடித்த பிடியை விட முடியாமல் போவதுதான் அது. தசை விலகுவதற்கும் ஏடிபி வேண்டும்.

இந்த இடைவெளியில் ஜெர்மனியில் மட்டும் வேலை நிற்கவில்லை. ஹான்ஸ் ப்ரெட்ஷ்னைடர் 1960-களிலேயே வேறு பாதையில் போனார். பொட்டாசியத்தைக் கொட்டுவதற்குப் பதிலாகச் சோடியத்தையும் கால்சியத்தையும் மிகவும் குறைத்தார். சோடியமே இல்லையென்றால் துடிப்பு எதை வைத்துக் கிளம்பும்? கூடவே அமிலத்தை உறிஞ்சிக்கொள்ள ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலத்தை நிறையச் சேர்த்தார். அதன் வழிவந்ததுதான் இன்று கஸ்டோடியால் என்ற பெயரில் கிடைக்கிற எச்டிகே கரைசல். 1973-ல் கே, எபர்ட் என்ற இரண்டு அமெரிக்க சர்ஜன்கள், பொட்டாசியத்தைக் குறைத்துக் கொடுத்தால் இதயம் நிற்கும், தசை கெடாது என்று காட்டினார்கள். லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் டேவிட் ஹர்ஸ் எலி இதயங்களை வெளியே எடுத்து ஓடவிட்டு ஒவ்வொரு உப்பாகச் சோதித்தார். அங்கிருந்த சர்ஜன் மார்க் ப்ரெய்ம்பிரிட்ஜ் 1975-ல் அந்தக் கரைசலை நோயாளிகளுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். பின்னால் திருத்திய வடிவத்தில் பொட்டாசியம் 16, மக்னீசியம் 16 மில்லிமோல். இன்றும் செயின்ட் தாமஸ் கரைசல் என்றால் எங்கள் துறையில் எல்லோருக்கும் தெரியும். 1970-களின் கடைசியில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் மருத்துவமனையில் ஜெரால்ட் பக்பர்க், வெறும் கரைசலைவிட நோயாளியின் சொந்த ரத்தத்திலேயே கலந்து கொடுத்தால் ஆக்சிஜனும் போகும், அமிலத்தை ரத்தமே சமன் செய்யும் என்றார். நாலு பங்கு ரத்தம், ஒரு பங்கு கரைசல். உலகம் முழுக்கப் பரவிய முறை அது. 1990-களின் தொடக்கத்தில் டொரன்டோவில் இன்னும் ஒரு படி போய், நிறுத்தினாலே 90 சதவீதம் மிச்சம் என்றால் குளிர்ச்சி எதற்கு என்று வெதுவெதுப்பான ரத்தத்தையே விடாமல் ஓட்டினார்கள். தசைக்கு நல்லதுதான், ஆனால் தைக்கிற இடமெல்லாம் ரத்தமாக இருக்கும். பார்ப்பதற்காகச் சர்ஜன் ஓட்டத்தை நிறுத்தச் சொன்னால், சூடான இதயத்துக்குப் பொறுக்க நேரம் மிகக் குறைவு.

இப்போது நிறைய இடங்களில் பேசப்படுவது டெல் நிடோ கரைசல். பெட்ரோ டெல் நிடோவும் கூட இருந்தவர்களும் 1990-களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்கில் குழந்தைகளுக்காக உருவாக்கியது. பிறந்த குழந்தையின் இதய செல் கால்சியத்தைச் சேமித்து வைக்கிற அமைப்பில் இன்னும் முதிர்ந்திருக்காது, கால்சியம் கொஞ்சம் அதிகம் நுழைந்தாலும் தாங்காது. அதனால் இந்தக் கரைசலில் பொட்டாசியத்தோடு லிடோகெயின் என்ற மரத்துப்போக வைக்கும் மருந்தும் இருக்கிறது, பூட்டிய சோடியம் கதவுகளில் கசிகிற கொஞ்சத்தையும் அடைக்க. மக்னீசியம், கால்சியத்தை உள்ளே விடாமல் தடுக்க. மானிட்டால், வீக்கத்துக்கும் ரத்தம் திரும்பும்போது உண்டாகும் நச்சு மூலக்கூறுகளுக்கும். இதில் ரத்தம் ஒரு பங்கு, கரைசல் நாலு பங்கு, பக்பர்க் முறைக்கு நேர் தலைகீழ். கிலோவுக்கு 20 மில்லி, பெரியவர்களுக்கு அதிகபட்சம் ஒரு லிட்டர் என்று ஒரே டோஸ் கொடுத்தால் ஏறக்குறைய 90 நிமிடம் மறுபடி கொடுக்காமல் வேலை பார்க்கலாம் என்பதுதான் அதன் ஈர்ப்பு. பெரியவர்களுக்கும் இப்போது தாராளமாகக் கொடுக்கிறார்கள். எச்டிகேயும் ஒரே டோஸ்தான், இன்னும் நீண்ட நேரத்துக்கு. ஆனால் அவ்வளவு சோடியம் குறைந்த திரவம் உடம்புக்குள் போனால் ரத்த சோடியம் இறங்கும், அதை நாங்கள் கவனிக்க வேண்டும்.

எது சிறந்தது என்று அடுத்து கேட்பீர்கள். என் கருத்து, கரைசலின் பெயரைவிட அது தசையின் எல்லா மூலைக்கும் போய்ச் சேர்ந்ததா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. அப்பாவின் விஷயத்திலேயே பாருங்கள். வழக்கமாகக் கிளாம்ப்புக்குக் கீழே பெருந்தமனியின் அடியில் ஒரு ஊசி வழியாகக் கொடுப்போம், வால்வு மூடியிருப்பதால் திரவம் கரோனரிக்குள் போகும். வால்வு கசிகிறது என்றால் திரவம் கரோனரிக்குப் போகாமல் இடது கீழறைக்குள் இறங்கும், அறை உப்பும், உப்பிய சுவரின் உள்பக்கத் தசைக்கு ஒரு சொட்டுகூடப் போகாது. கசிவு லேசானது என்றால் நுரையீரல் சிரை வழியாக ஒரு வென்ட் குழாய் போட்டு அறையைக் காலியாக வைத்துக்கொண்டு சமாளிக்கலாம். அதிகம் என்றால் பெருந்தமனியைத் திறந்து இரண்டு கரோனரி வாய்களிலும் நேரடியாகச் சிறு குழாயை வைத்துக் கொடுப்பார்கள். அந்த வாய்களை அழுத்திக் காயப்படுத்திவிடாமல் செய்வதற்குக் கைப்பழக்கம் வேண்டும்.

இன்னொரு வழி பின்பக்கமாக, அதாவது வலது மேலறையில் திறக்கும் கரோனரி சைனஸ் என்ற பெரிய சிரைக்குள் பலூன் குழாயை வைத்து எதிர்த்திசையில் அனுப்புவது. கசிவு இருந்தாலும், கரோனரி தமனிகளில் அடைப்பே இருந்தாலும் போய்ச் சேரும். ஆனால் அழுத்தம் 40 மில்லிமீட்டர் பாதரசத்தைத் தாண்டக் கூடாது, தாண்டினால் சிரை கிழியலாம். வலது கீழறைச் சிரைகளில் பல இந்த சைனஸில் வந்து சேராமல் நேராக அறைக்குள் திறப்பதால், அந்தப் பக்கத்துக்கு இது சரியாகப் போவதில்லை. அதனால்தான் பல சர்ஜன்கள் இரண்டு பக்கமும் கொடுக்கிறார்கள்.

வால்வு வருஷக்கணக்கில் சுருங்கியிருந்தால் அதை எதிர்த்துத் தள்ளித்தள்ளி இடது கீழறைச் சுவர் தடித்துப் போயிருக்கும். கல் இதயம் வந்தவர்களில் இப்படித் தடித்த இதயம் கொண்டவர்கள் நிறைய. தடித்த சுவரின் உட்பக்கம்தான் கடைசியாக ரத்தம் பெறும் இடம், முதலில் கெடும் இடமும் அதுதான். இப்படிப்பட்ட இதயத்துக்கு முதல் டோஸைத் தாராளமாகவும் பொறுமையாகவும் கொடுப்போம். ஈ.சி.ஜி. நேராகிவிட்டதே போதும் என்று பாதியில் நிறுத்துவது கூடாது, நிற்பதற்குத் தேவையான அளவு வேறு, எல்லா இடமும் குளிர்ந்து நனைவதற்குத் தேவையான அளவு வேறு.

ரத்தம் கலந்த வழக்கமான முறையில் 15, 20 நிமிடத்துக்கு ஒரு முறை மறு டோஸ் உண்டு. கிளாம்ப் போட்ட பிறகும் இதயத்துக்குச் சுற்றுப்புறத் திசுக்களிலிருந்து சிறுசிறு குழாய்கள் வழியாகக் கொஞ்சம் ரத்தம் வந்துகொண்டேதான் இருக்கும், அது மருந்தைக் கழுவிவிடும், தசையைச் சூடாக்கும். "20 நிமிஷம் ஆச்சு சார்" என்று நாங்கள் குரல் கொடுப்போம், "இந்த ஒரு தையல் போட்டுடறேன்" என்று பதில் வரும். ஒரு தையல் என்றால் சரி. அது நாலு தையலாகிப் பத்து நிமிடம் தள்ளிப்போனால் நாங்கள் விடாமல் கேட்க வேண்டும், கேட்கிற பழக்கமும் கேட்டால் கோபப்படாத சர்ஜனும் இருக்கிற தியேட்டர்தான் நல்ல தியேட்டர். அதற்கு முன்னாலேயே மானிட்டரில் சின்னச் சின்ன அசைவு தெரிந்தால் நேரம் பார்க்காமல் கொடுத்துவிட வேண்டும். இதயத்தின் மேல் ஐஸ் போடுவதும் உண்டு, ஆனால் ஐஸ் கட்டி இதயப் பையின் பக்கவாட்டில் ஓடுகிற ஃப்ரெனிக் நரம்பில் பட்டால் உதரவிதானம் கொஞ்ச நாள் வேலை செய்யாமல் போகலாம், பலரும் இப்போது குறைத்துவிட்டார்கள்.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன், திரும்ப அடிக்குமா என்பது. கிளாம்ப்பை எடுத்ததும் சூடான, சாதாரணப் பொட்டாசியம் உள்ள ரத்தம் கரோனரிக்குள் போகிறது, மருந்து கழுவப்படுகிறது, பெரும்பாலான இதயங்கள் ஒன்றிரண்டு நிமிடத்தில் தானாகவே அடிக்க ஆரம்பிக்கும். சில நடுங்கும், அப்போது இதயத்தின் மேலேயே இரண்டு சிறிய பேடில்களை வைத்து 10, 20 ஜூல் ஷாக் கொடுத்தால் ஒழுங்குக்கு வரும். மெதுவாக அடித்தால் மின்சாரத்தால் துடிப்பைத் தூண்டுகிற தற்காலிக பேஸிங் கம்பிகள் வைப்பார்கள். பெருந்தமனி வால்வுக்குப் பக்கத்திலேயே இதயத்தின் மின்பாதை போவதால் தையலின் வீக்கத்தில் அது தடைபடுவது உண்டு, தசைப் பாதுகாப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை. நல்ல மெஷின் ஆதரவோடு, சரியாகப் பாதுகாத்த இதயம் அடிக்கவே ஆரம்பிக்காமல் போவது மிக மிக அபூர்வம்.

உண்மையான கவலை, அடிக்கத் தொடங்கிய பிறகு போதிய பலத்தோடு அடிக்கிறதா என்பதுதான். பட்டினி கிடந்த தசைக்கு ரத்தம் திரும்புகிற அந்த முதல் சில நிமிடங்களே சேதம் செய்யக்கூடியவை. ஆக்சிஜன் வெள்ளமாக வந்ததும் நச்சு மூலக்கூறுகள் உண்டாகும், கால்சியம் உள்ளே பாயும். ஏழு நாள் பட்டினி கிடந்தவனுக்கு எட்டாம் நாள் விருந்து வைக்கிற மாதிரி அது. அதனால் கிளாம்ப்பை எடுப்பதற்கு முன் சிலர் வெதுவெதுப்பான ரத்தத்தைக் குறைந்த அழுத்தத்தில் சில நிமிடம் விடுவார்கள், ஹாட் ஷாட் என்பார்கள், பக்பர்க் குழு கொண்டுவந்ததுதான் இதுவும். தசை நிற்கும்போதே அதற்கு ஏடிபி திரும்ப ஊறட்டும் என்பது கணக்கு. கால்சியம் ஊசியை அவசரப்பட்டு உடனே போட மாட்டோம். அடிக்க ஆரம்பித்த இதயத்தைக் கொஞ்ச நேரம் மெஷின் சுமக்கவிட்டு, சுமை இல்லாமல் அடிக்கவிடுவோம். அறைக்குள் தங்கிய காற்றை எக்கோவில் பார்த்துப்பார்த்து வெளியேற்றுவார்கள். படுத்திருக்கும் நோயாளிக்கு வலது கரோனரியின் வாய்தான் மேலே இருக்கும், காற்றுக் குமிழி முதலில் அதில்தான் போகும், அப்படிப் போனால் வலது கீழறை சற்று நேரம் சோம்பிப் போகும். பார்க்கப் பயமாக இருக்கும், ரத்த அழுத்தத்தை ஏற்றிக் காத்திருந்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

நன்றாகப் பாதுகாத்த தசைகூட முதல் நாளில் கொஞ்சம் மந்தமாக இருக்கும். செத்திருக்காது, மலைத்துப்போய் நிற்கும். இந்த மந்தம் ஆபரேஷன் முடிந்து 4, 5 மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் 24 மணி நேரத்துக்குள் பெரும்பாலும் தெளிந்துவிடும். அதனால் அன்று மாலை ஐ.சி.யு.வில் அட்ரினலின், டோபுட்டமின் மாதிரி மருந்து ஓடுகிறது என்று சொன்னால் ஏதோ கெட்டுப்போச்சு என்று நினைக்காதீர்கள். அதற்கும் மேல் பலம் குறைந்தால் பெருந்தமனிக்குள் வைத்து இதயத்துக்குத் துணை நிற்கிற பலூன் பம்ப், மிகச் சிலருக்கு இதயத்தின் வேலையையும் நுரையீரலின் வேலையையும் பார்க்கிற எக்மோ மெஷின் என்று ஆதரவுகள் இருக்கின்றன.

சர்ஜனைப் பார்க்கும்போது மூன்று விஷயம் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். கசிவு இருப்பதால் கார்டியோபிளீஜியாவை எந்த வழியாகக் கொடுக்கப் போகிறார்கள், ஆஞ்சியோவில் கரோனரி அடைப்பு ஏதும் உண்டா, அப்பாவின் வயதுக்கும் வால்வின் அமைப்புக்கும் தொடை வழியாக வால்வு வைக்கிற டாவி முறை பொருந்துமா. டாவியில் இந்த மாதிரி இதயத்தை நிறுத்தி வைக்கிற வேலையே இல்லை, ஆனால் எல்லோருக்கும் அது பொருந்தாது. எந்தக் கம்பெனிக் கரைசல் என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை, அந்தக் குழு தினமும் கையாண்டு பழகிய கரைசலே அப்பாவுக்கும் நல்லது.

அப்புறம், மறுநாள் ரத்தப் பரிசோதனையில் ட்ரோபோனின், அதாவது இதயத் தசை காயம்பட்டால் ரத்தத்தில் கலக்கிற புரதம், கூடியிருக்கும். இதயத்தில் கத்தி வைத்த எல்லோருக்கும் கூடும். அந்த எண்ணை மட்டும் பார்த்து மாரடைப்பு என்று முடிவுக்கு வர வேண்டாம், எக்கோவில் கீழறைச் சுவர்கள் எப்படி அசைகின்றன, மருந்தின் அளவு குறைந்துகொண்டு வருகிறதா, சிறுநீர் நன்றாகப் போகிறதா என்று கேளுங்கள்.